குடும்பப் படங்களின் ஐந்திணை: ஒரு சிக்கன ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழ்க் குடும்பம் ஒன்றின் புகைப்படங்கள் பொதுவாக மூன்று இடங்களில் குடியிருக்கும். பழையவை பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே, ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் மஞ்சள் பையில் கிடக்கும். இடைக்காலத்தவை சிடியில் இருக்கும். அந்த சிடியைப் போட்டுப் பார்க்கும் கருவி வீட்டில் இராது. புதியவை எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும், அதுவும் ஒரே படம் நான்கைந்து தடவை. இவற்றை ஒழுங்குபடுத்தியாக வேண்டும் என்ற ஞானோதயம், அறுபதாம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மண்டபத்தில் திரை கட்டிப் பழைய படங்களை ஓட்டலாமே என்று மாப்பிள்ளை ஒருவர் வாய்விடும்போதுதான் பிறக்கிறது. அப்போது வீட்டில் எழும் கேள்வியை ஆய்வாளர் உற்றுக் கவனிக்க வேண்டும். “1984ஆம் ஆண்டுப் படங்கள் எங்கே?” என்று எவரும் கேட்பதில்லை. “அப்பா கல்யாணப் படம் எங்கே? பெரியவனுக்குக் காது குத்தினது எங்கே? அக்கா வளைகாப்பு எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் படங்களை அடுக்க உட்காருகிறவர்களும், அதற்கென்று செயலி செய்து தருகிறவர்களும் முதல் வேலையாகத் தேதிவாரியாகத்தான் அடுக்குகிறார்கள். கேட்பது ஒன்று, அடுக்குவது வேறொன்று. இந்த முரணே இவ்வாய்வின் பொருள். கையில் காசு குறைவாக இருப்பது இவ்வாய்வின் எல்லை.

கருதுகோள்

அகப்பாடலின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம், உரிப்பொருள் மயங்கலாகாது என்பதும் இலக்கணம். இதை அப்படியே கைபேசிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எடுத்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் பதித்துவைக்கும் எக்ஸிஃப் என்ற முறை 1995இல் வந்தது. நேரமும் இடமும் என்றால் பொழுதும் நிலமும். அதாவது முதற்பொருள் மட்டும். பிற்காலச் செயலிகள் படத்தில் இருப்பது கேக்கா, நாயா, தென்னை மரமா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டன, அது கருப்பொருள். அந்தக் கேக்கை எதற்காக வெட்டினார்கள், வெட்டும்போது அத்தை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார் என்ற உரிப்பொருளை எந்தக் கருவியும் அறியாது. ஆகவே இக்கட்டுரையின் கருதுகோள்: குடும்பப் படங்களை உரிப்பொருளால், அதாவது விசேஷத்தால், வகுக்க வேண்டும், நாளும் இடமும் ஆளும் குறிப்பாக நின்றால் போதும், இப்படிச் செய்வது சரியானது மட்டுமல்ல, மலிவானதும் கூட.

முதலும் கருவும் பொய் சொல்லும் என்பதற்குச் சான்று

முதலில் பொழுதை விசாரிப்போம். பிலிம் கேமராக் காலத்தில் படத்தின் வலது மூலையில் செம்மஞ்சள் எண்களில் தேதி விழும். பேட்டரி மாற்றியபின் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைத்த குடும்பங்கள் குறைவு. எனவே பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருக்கும் படத்தில் ஆகஸ்ட் மாதம் தெரிவது அபூர்வமல்ல. டிஜிட்டல் காலம் இதை மேலும் மோசமாக்கியது. தாத்தாவின் கல்யாணப் படத்தைக் கைபேசியால் படமெடுத்தால், கருவி அதை இன்றைய தேதியில் சேர்த்து, நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவுக்கு அடுத்தபடியாகத் தாத்தாவை நிறுத்துகிறது. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் எடுத்த நாளும் இடமும் உள்ளிருந்து அழிந்துபோகும். கோப்பின் பெயரில் எஞ்சுவது வாட்ஸ்அப்பில் உலவிய தேதி மட்டுமே. சித்தப்பா நான்கு மாதம் கழித்து மனம் இரங்கி அனுப்பிய கிரகப்பிரவேசப் படங்கள் எல்லாம் அவர் மனம் இரங்கிய தேதியைத்தான் தாங்கி நிற்கும். தேதி முற்றிலும் காணாமல் போன கோப்புகளைச் சில கருவிகள் 1970 ஜனவரி 1 என்று காட்டும். கணினிகள் பல காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. அதன் பயனாக, பல குடும்பங்களில் கடந்த வருடம் பிறந்த குழந்தைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

நிலத்தின் சாட்சியமும் நம்பத்தக்கதல்ல. பழைய ஸ்டுடியோப் படங்களில் மக்கள் நிற்கும் மாளிகைப் படிக்கட்டும், ஏரியும், தாஜ்மஹாலும் துணியில் தீட்டியவை. தஞ்சாவூர்க் கடைத்தெருவின் மாடியில் எடுத்த படத்தைக் காஷ்மீர் என்று வகுக்க அந்தத் திரையே வற்புறுத்தும். கருப்பொருள் இன்னும் மோசம். புதுமணத் தம்பதியின் நடுவே முக்காலியில் இருக்கும் ரேடியோ ஸ்டுடியோவுக்குச் சொந்தம். மாப்பிள்ளையின் கோட்டும் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கே சொந்தம். காதில் வைத்திருக்கும் தொலைபேசிக்குக் கம்பியே கிடையாது. இவற்றைக் கொண்டு அக்குடும்பத்தின் பொருளாதார நிலையை எழுதப் புகும் வரலாற்றாசிரியர் ஸ்டுடியோக்காரரின் பொருளாதார நிலையைத்தான் எழுதி முடிப்பார். பொழுது பொய், நிலம் துணி, கரு இரவல் என்று ஆனபின் அந்தப் படத்தில் எஞ்சும் ஒரே உண்மை, கல்யாணமாகி மூன்றாம் நாள் இருவரும் படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள் என்பதுதான். அதுவே உரிப்பொருள்.

திணை வகுப்பு

இனி வகுப்பைச் சொல்வோம். தொல்காப்பியர் கைக்கிளை தொடங்கிப் பெருந்திணை ஈறாக ஏழு திணை கண்டார்; மஞ்சள் பைக்கும் ஏழே போதும். புணர்தலுக்குரிய குறிஞ்சியில் நிச்சயதார்த்தம், கல்யாணம், வரவேற்பு ஆகியவை அடங்கும். இருத்தலுக்குரிய முல்லையில் வளைகாப்பு, தொட்டில், முதல் பிறந்தநாள், வாசலில் கோலத்தோடு நிற்கும் படம் ஆகியவை வரும். வளைகாப்பைப்போல ஆற்றியிருத்தலை ஒளிவுமறைவில்லாமல் காட்டும் விசேஷம் வேறில்லை. ஊடலுக்குரிய மருதத்தில் கிரகப்பிரவேசமும் குடும்பக் கூட்டுப் படங்களும் சேரும். கூட்டுப் படத்தில் யார் யாருக்கு நடுவே ஒரு ஆள் நிற்குமளவு இடைவெளி விட்டிருக்கிறது என்று பார்க்கிறவர்கள், இதை ஏன் மருதத்தில் வைத்தோம் என்று கேட்கமாட்டார்கள். இரங்கலுக்குரிய நெய்தலில் மாலை போட்ட படமும், அந்த மாலைப் படத்துக்காக எந்தக் கூட்டுப் படத்திலிருந்து முகத்தைப் பெரிதாக்கினார்களோ அந்தப் படமும் சேர்ந்தே இருக்க வேண்டும். மெரினாவில் அட்டைக் குதிரையோடு எடுத்த படம் கடலை ஒட்டியதாயினும் நெய்தல் ஆகாது. அங்கே நிலம்தான் மயங்கியிருக்கிறது, உரி மயங்கவில்லை.

பிரிதலுக்குரிய பாலை தனியே விளக்கத்தக்கது. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. குடும்பப் படங்களிலும் நிலமே இல்லாத வகை ஒன்று உண்டு: பின்னால் வெள்ளைத் திரை தவிர எதுவும் தெரியாத பாஸ்போர்ட் சைஸ் படம். ஹாஸ்டலுக்கும் விசாவுக்கும் வேலைக்கும் என்று ஒருவர் வீட்டைவிட்டுப் போகும்போதுதான் அது எடுக்கப்படுகிறது. எனவே அது ஐயமறப் பாலை. விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியோடு எடுத்த படங்களும், துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வருகிற படங்களும் இங்கேயே சேரும். அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாலை. இன்றைய குடும்பத்தின் படங்களை எண்ணினாலும் விகிதம் வெகுவாக மாறாது என்றே தோன்றுகிறது. கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். செல்ஃபி எல்லாம் அங்கே போகும். பெருந்திணை என்பது பொருந்தாக் காமம். ரோஜாப்பூவின் மேல் எழுதிய காலை வணக்கம், தள்ளுபடி நோட்டீஸ், மின்கட்டண ரசீதின் படம், குழந்தை தவறுதலாக அழுத்தி எடுத்த விரல் ஆகியவற்றுக்கும் குடும்பத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லாமையால் இப்பெயர். இலக்கணத்தில் நடுவண் ஐந்திணைக்கே சிறப்பு. ஆகவே ஐந்தை வைத்துக்கொண்டு, கைக்கிளையில் ஆண்டுக்கு ஒன்றை விட்டு, பெருந்திணையை முழுமையாக அழித்துவிடலாம். கைபேசியில் இடமில்லை என்ற புலம்பலில் பெரும்பகுதி அன்றோடு தீரும். புது மெமரி கார்டுக்கான காசும் மிச்சம்.

அடுக்கும் முறை

தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் பாடல்களைக் காலவரிசையில் அடுக்கவில்லை என்பது இக்கருதுகோளுக்குப் பெரிய பலம். அவர்கள் முதலில் பார்த்தது அளவு. பொதுவாக, நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. அச்சுப் படங்களுக்கும் இதுவே வழி. பாஸ்போர்ட் சைஸ் குறுந்தொகை, போஸ்ட்கார்டு சைஸ் நற்றிணை, அதற்கு மேற்பட்டது அகநானூறு என்று மூன்று பெட்டி போதும். அளவு ஒத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் நிற்கும், ஓரம் மடங்காது. காலியான இனிப்புப் பெட்டியை நெய்ப்பிசுக்கு இல்லாத வெள்ளைத்தாள் விரித்துப் பயன்படுத்தலாம். படத்தைப் பிளாஸ்டிக் கவரில் திணிப்பதும், பசைத்தாள் மேல் ஒட்டிக் கண்ணாடித்தாள் மூடும் ஆல்பத்தில் வைப்பதும் கூடாது. அந்தப் பசை வருடப்போக்கில் படத்தைப் பழுப்பாக்கிவிடும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பின்புறமாக மெல்லிய நூலைக் கொடுத்து அறுத்தாற்போல் இழுத்து எடுக்க வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தொடவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே கைபேசியால் படம் எடுத்துவிடலாம். பரணில் வெயிலின் சூடும், தரையை ஒட்டி ஈரமும் ராமபாணப் பூச்சியும் உண்டு. பீரோவின் நடுத்தட்டே உத்தமம்.

பெட்டிக்குள் திணைவாரியாகப் பிரிக்க அகநானூற்றின் எண்முறையைவிடச் சிக்கனமானது கிடைக்காது. அதில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டைப் படிக்காமலே திணையைச் சொல்லிவிடலாம். கைபேசிக் கேமராவோ IMG என்றும் DSC என்றும் ஆரம்பித்து எண்களைக் கொட்டுகிறது. அந்த எண்ணுக்கு அதைப் பெற்ற கருவியிடமே பொருள் கேட்க முடியாது. கணினியில் ஐந்து திணைக்கு ஐந்து அடைவுகள் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் “வளைகாப்பு, பெரியக்கா, சுமார் 1987” என்ற வகையில் விசேஷம், ஆள், ஆண்டு என்று பெயர் வைத்தால், தேட எந்தச் செயலியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஒரு விசேஷத்துக்கு எத்தனை படம் என்பதற்கும் பழைய அளவுகோல் கைவசம் உண்டு. சிறிய பிலிம் ரோலில் 36 படம் விழும். அதற்கும் முந்தைய சதுரப்படக் கேமராவில் ஒரு ரோலுக்கு 12தான். கல்யாணத்துக்கு ஒரு ரோல் என்று வாழ்ந்த தலைமுறை எந்தக் குறையும் இல்லாமல் கல்யாணமாகி வாழ்ந்தது. படக்காரர் தந்த பென்டிரைவில் மூவாயிரம் இருந்தாலும் முப்பத்தாறைப் பொறுக்கித் திணைக்குள் வைத்துவிட்டு, மற்றதை “உதிரி” என்று தனியே ஒதுக்க வேண்டும். தொகுப்பது என்பது பாதிக்குமேல் விலக்குவதுதான்.

கொளுவின் அவசியம்

புறநானூற்றுப் பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் என்று ஒரு குறிப்பு நிற்கும்; அதையே இங்கே கொளு என்கிறோம். பாட்டைக் காட்டிலும் சிறியது. ஆனால் அது இல்லாத இடத்தில் அறிஞர்கள் படும் பாடு நாடறிந்தது. படத்தின் முதுகில் எழுத வேண்டியதும் அந்த நான்கையே: என்ன விசேஷம், அதில் எந்தச் சடங்கு, எடுத்தவர் யார், இடமிருந்து வலமாக இருப்பவர்கள் யார். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும். ஆகவே படத்தைக் கெட்டியான தரையில் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். 1970களுக்குப் பிறகு பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் சாதாரணப் பென்சில் வழுக்கும். அதற்கு 4பி, 6பி என்று ஓவியம் வரைகிறவர்கள் வாங்கும் பென்சில் பிடிக்கும், பிடிக்காவிட்டால் துண்டுத்தாளில் எழுதிக் கூடவே வைக்கலாம். எழுதுவதற்கு முன் முதுகில் ஏற்கெனவே இருப்பதைப் படித்துவிட வேண்டும். ஸ்டுடியோ முத்திரையில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்கு முந்தியதல்ல. மெட்ராஸ் என்றிருந்தால் பெரும்பாலும் 1996க்குப் பிந்தியதல்ல. இதோடு முடி கொண்டு காலம் கணிக்கும் முறையையும் இவ்வாய்வு முன்மொழிகிறது. குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்த நாளைக் குடும்பம் மறக்காது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். எனவே மற்றப் படங்களில் குழந்தையின் முடியை அளந்தால் மாதக் கணக்கே கிடைத்துவிடும்.

கொளு எழுதாத குடும்பத்தின் கதி என்ன என்பதற்குக் குறுந்தொகையே சாட்சி. பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்காவது அழகான பெயர் வாய்த்தது. குடும்ப ஆல்பத்தில் அதே விதிப்படி உருவாகும் பெயர்கள் கறுப்புக் கண்ணாடி மாமா, குடை பிடித்த கிழவர், யாரோட சம்சாரமோ என்ற தரத்தில்தான் அமைகின்றன. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டும் கிடைக்கவில்லை. ஆல்பத்திலும் நான்கு மூலைத்தாள் மட்டும் இருந்து நடுவே படம் இல்லாத பக்கங்கள் உண்டு. முந்தையது சுவடி அழிந்ததால் நேர்ந்தது. பிந்தையது பெண் பார்க்கப் போனவர்கள் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராததால் நேர்ந்தது.

எதிர்வாதங்களும் விடைகளும்

முக அடையாளம் காணும் செயலிகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார் உளர். செயலி பாடப்பட்டோரைக் கண்டுபிடிக்கும், திணையைக் கண்டுபிடிக்காது. மேலும் ஒரே அச்சில் வார்த்த அக்காள் தங்கைகளையும், பேத்தியையும் அதே வயதில் எடுத்த பாட்டியையும் அது ஒருவராக்கிவிடும்; குடும்பம் இதைக் கேட்டுப் பூரித்துப்போய்ப் பிழையைத் திருத்தாமலே விட்டுவிடும். மேகச் சேமிப்பில் கொட்டிவிட்டால் போதாதா என்பார் வேறு சிலர். கூகுள் ஃபோட்டோஸில் சற்றுச் சுருக்கிய படங்களை எல்லையின்றி இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1 அன்று முடிந்தது; இப்போது இலவசம் 15 ஜிபி, அதையும் மின்னஞ்சலோடு பங்கிட வேண்டும். இலவசம் என்பதற்காக வகுக்காமல் கொட்டியவர்கள் இன்று கொட்டிய குப்பைக்கு மாத வாடகை தருகிறார்கள். பாதுகாப்புக்குப் பிரதிகள் வேண்டும் என்பது உண்மையே. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்க முடிந்தது, வெவ்வேறு இடங்களில் இருந்த பல பிரதிகளை ஒப்பிட்டதால்தான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று இக்கால வல்லுநர் சொல்வதும் அதே. கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சம்பந்தி வீட்டில் ஒன்று என்று வைத்தால் வாடகையில்லை. அவர்கள் படங்களை நம் வீட்டில் வைப்பது கைம்மாறு. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது, தேதியும் அழியாது.

நூலகவியலின் பெயரால் எழும் எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, எந்தப் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களில் பார்க்கச் சொல்கிறது. விசேஷத்தை மட்டும் தலைமேல் தூக்கிவைப்பது ஓரவஞ்சனை இல்லையா? இல்லை. அந்த வரிசையில் காலம் கடைசியில் நிற்கிறது, இடம் அதற்கு முன். தேதிவாரியாக அடுக்குகிறவர்களுக்கு ரங்கநாதனிடம் ஆதரவில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலக விதிகளில் ஒன்றாகவே அவர் வைத்தார். இங்கே வாசகர் யார்? இரவு பதினொரு மணிக்கு மாமனாரின் கல்யாணப் படத்தைத் தேடும் மாப்பிள்ளை. அவர் விசேஷத்தால் தேடுகிறார். விசேஷத்தால் அடுக்கியிருந்தால் பன்னிரண்டுக்குள் தூங்குவார்.

கடைசி எதிர்வாதம்: பெரியவர்களின் நினைவை நம்பிக் கொளு எழுதலாமா, ஆளுக்கொன்று சொல்வார்களே? சொல்வார்கள். பெரியம்மா வேலூர்க் கல்யாணம் என்பார். அந்தப் புடவையே அப்போது வாங்கவில்லை என்று சின்னம்மா மறுப்பார். உரையாசிரியர்களும் இப்படித்தான் மோதிக்கொண்டார்கள். அதனால் நூல் கெடவில்லை. இரண்டையும் எழுதி, “என்பாரும் உளர்” என்று முடித்துவிடலாம். தேதி முத்திரை தப்பானால் திருத்த வழியில்லை, அது தப்பென்றே தெரியாது. பெரியம்மாவும் சின்னம்மாவும் முரண்பட்டால் குறைந்தது எங்கே சந்தேகம் என்றாவது தெரிகிறது. அறிவியல் வளர்வது அப்படித்தான்.

முடிபும் செலவும்

ஆகவே செலவு செய்யும் வரிசையும் தலைகீழாக மாற வேண்டும். ஸ்கேனரையும் பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்துப் படங்களைத் தேடுவதே வழக்கம். இவ்வாய்வின்படி முதல் செலவு பென்சில். இரண்டாவது, படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லத் தெரிந்த மூத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குப் பஸ் டிக்கெட். மொத்தக் கணக்கில் பெரிய தொகை பெரும்பாலும் இதுதான். அவர் சொல்லி முடித்தபின் எஞ்சும் முப்பத்தாறு, முப்பத்தாறு படங்களை ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து கைபேசியால் எடுத்துவிடலாம். பெரிதாக அச்சடிக்க வேண்டிய ஐந்தாறை மட்டும் ஸ்டுடியோவில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து தரக் கேட்கலாம். பதிப்புரை ஒன்றும் வேண்டும். அதில் இரு பெயர்கள் இருக்க வேண்டும். தொகை நூல்களுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இருவர் உண்டு. ஒருவர் உழைத்தவர், மற்றவர் செலவு செய்தவர். நற்றிணையைத் தொகுப்பித்த பாண்டியனின் பெயர் தெரிகிறது, தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் தெரிகிறது, தொகுப்பித்தவர் பெயர் தெரியவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காலம் காப்பாற்றும் என்றால் நற்றிணை வழியே நடைமுறைக்கு உகந்தது. மாமனார் பெயரை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட வேண்டும். அடுத்த ஹார்ட் டிஸ்க்குக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.